நஸீர் நானாவின் இடுப்பும் கரைவலையின் இரண்டு கயிறும்

திருகோணமலைக்குப் போகிறேன் என்றால் எல்லாரும் நிலாவெளியா, திமிங்கிலம் பார்க்கவா என்று கேட்கிறார்கள். இந்த ஜூன் மாதம் நான் போனது ஒருவருடைய இடுப்பு மூட்டுக்காக. தேய்ந்த மூட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் செயற்கை மூட்டு என்ன பொருளில், எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்று கணினியில் மாதிரி செய்து பார்ப்பதுதான் என் தொழில். நடப்பது, படியேறுவது, கதிரையில் இருந்து எழும்புவது, இவற்றை வைத்துத்தான் வழக்கமாகக் கணக்குப் போடுவோம். கடலில் வளைத்த கரைவலையைக் கரையில் நின்று இழுப்பதை வைத்து யாராவது போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

போகச் சொன்னவர் எனக்குத் தெரிந்த எலும்பு வைத்தியர். தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். "கிண்ணியாப் பக்கத்து ஆள் ஒராள் சத்திரசிகிச்சையே வேண்டாமெண்டு நிக்கிறார். புது மூட்டோட வலை இழுக்கலாமெண்டாத்தான் ஓம் எண்டுவாராம். ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். ஆனா ஒருத்தரும் அளந்து பாத்ததில்லை. திங்கட்கிழமைக்குள்ள அவர் முடிவு சொல்லோணும். நீர் ஒருக்கா வந்து பாருமன்." இப்படிக் கேட்டால் என்னால் வீட்டில் இருக்க முடியாது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கண்டியில் பஸ் ஏறினேன். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக நூற்றெண்பது கிலோமீற்றர் சொச்சம். ஐந்தரை மணித்தியாலம் எடுத்தது. கந்தளாயில் நிறுத்துவார்கள், தயிர் சாப்பிடுங்கள். திருகோணமலை நகரத்தில் ஓர்ஸ் ஹில் பக்கம் அறை எடுத்தேன். இரவுக்கு நாலாயிரம் ரூபாய், மின்விசிறிதான். இணையம் நன்றாக வேலை செய்தது, எனக்கு அது போதும்.

மறுநாள் விடியற்காலை பஸ் நிலையத்தில் கிண்ணியா பஸ். இருபது கிலோமீற்றர் அளவு, முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து குறிஞ்சாக்கேணிக்கு ஓட்டோ பிடித்தேன். நஸீர் என்று பெயரைச் சொன்னதுமே ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இடக்கயிறு நஸீர் நானாவா?"

அதென்ன இடக்கயிறு என்று கேட்டேன். அவர் வழி முழுக்க விளக்கினார். கரைவலைக்கு இரண்டு கயிறு. கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஒரு கூட்டம் இழுக்கும், வலப்பக்கம் ஒரு கூட்டம் இழுக்கும். தகப்பன் நின்ற கயிற்றில்தான் மகனும் நிற்பான். கயிறு மாறுவது கட்சி மாறுவதை விட மோசம். மீன் குறைந்தால் இடக்கயிறு வலக்கயிறை ஏசும், வலக்கயிறு இடக்கயிறை ஏசும். தான் வலக்கயிற்றுக் குடும்பம் என்பதை ஓட்டோக்காரர் கடைசியில் பெருமையாகச் சொன்னார்.

நஸீர் நானாவுக்கு (நானா என்றால் இங்கே அண்ணன்) நாற்பத்தாறு வயது. வலது இடுப்பில் இரத்த ஓட்டம் குறைந்து பந்து எலும்பு நசிந்துவிட்டது. வாசலில் இருந்து கதிரைக்கு வருவதற்குள் முகம் வியர்த்துவிட்டது. ஆனால் குரலில் கொஞ்சமும் தளர்ச்சி இல்லை.

"டொக்டர் நடக்கலாம், கதிரையில இருக்கலாமெண்டு சொல்றார். நான் கதிரையில இருக்கவா பொறந்த மிஸ்? கயிறு இழுக்க ஏலாட்டி எனக்கு அந்த மூட்டு வேணாம்."

அவருடைய மனைவி ஜெஸீமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "இந்த மனுசன் ராவைக்கு வலியில நித்திரை கொள்ற இல்ல. மிஸ்தான் ஒரு நல்ல கதை சொல்லோணும்" என்றார். பொய்க் கதை சொல்லமாட்டேன், அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்கு என் கணக்கில் நம்பிக்கை அதிகம், அதை மறைக்கத் தெரியாது.

அன்றைக்கே கடற்கரையில் இடக்கயிற்று ஆட்கள் இருவரின் தொடையிலும் முழங்காலுக்குக் கீழும் நெருப்புப்பெட்டி அளவுக் கருவிகளைக் கட்டினேன். மீன் வியாபாரியின் தொங்கு தராசை இரவல் வாங்கிக் கயிற்றுக்கும் அவர்களின் இடுப்புப் பட்டிக்கும் நடுவில் மாட்டினேன். இடுப்பால் சாய்ந்து, பின்பக்கமாக நடந்துதான் இழுக்கிறார்கள். அதோடு வலையின் வாய் ஒடுங்க ஒடுங்க இரண்டு கூட்டமும் நடுவை நோக்கி நகர வேண்டும். இடக்கயிற்று ஆள் வலப்பக்கம் நகர்கிறார். ஒவ்வொரு அடிக்கும் வலது காலை வெளியே திருப்பி மணலில் ஊன்றுகிறார், முழுப் பாரமும் அதில் இறங்குகிறது. நஸீர் நானாவின் பழுதான கால் அதுதான்.

வெள்ளிக்கிழமை அறையில் இருந்து மாதிரியை ஓட்டினேன். நானா சம்மதித்து வைத்தியர் தந்த ஸ்கான் படத்திலிருந்து அவருடைய தொடை எலும்பையே கணினியில் கட்டியிருந்தேன். அதற்குள் ஆஸ்பத்திரியில் பொருத்தும் செயற்கை மூட்டின் டைட்டேனியத் தண்டு. பக்கத்தில் நான் மூன்று வருடமாக வடிவமைக்கும் தண்டு, மேற்பகுதியில் நுண்துளைகள் விட்டு விறைப்பைக் குறைத்தது. விறைத்த உலோகம் எல்லாப் பாரத்தையும் தானே சுமந்தால் எலும்பு வேலை இல்லாமல் மெலிந்துபோகும். அதனால்தான் இந்தப் பாடு. ஆனால் இடக்கயிற்று முறுக்கில் இரண்டு தண்டுமே எலும்புக்குள் அளவுக்கு மேல் அசைந்தன, என்னுடையது இன்னும் கொஞ்சம் கூடுதலாக. எரிச்சலாக இருந்தது. எலும்பு வளர்ந்து உலோகத்தைப் பிடித்த பிறகு இழுத்தாலும் கணக்கு எனக்குத் திருப்தி தரவில்லை.

கடற்கரையில் எடுத்திருந்த காணொளியைத் திரும்பப் பார்த்தபோதுதான் வலக்கயிற்று ஆட்கள் கண்ணில் பட்டார்கள். அவர்கள் திருப்பி ஊன்றுவது இடது காலை! சனிக்கிழமை அவர்களையும் அளந்தேன். அவர்களுடைய வலது இடுப்பில் விழும் முறுக்கு படியேறுவதை விடப் பெரிதாக இல்லை. ஆஸ்பத்திரித் தண்டு அதை நன்றாகத் தாங்கியது. கணக்கை வைத்தியருக்கு அனுப்பினேன். ஒரு வருடம் போகட்டும், எக்ஸ்ரே நன்றாக இருந்தால் அந்தக் கயிற்றில் மெல்ல மெல்லத் தொடங்கலாம், தான் மறிக்கமாட்டேன் என்றார்.

ஞாயிறு காலை நானாவிடம் போய்ச் சொன்னேன்.

"வலக்கயிறா?"

"ஓம் நானா. உங்கட கயிறு ஏலாது. அதில கணக்கு ஒத்துவரேல்ல."

"எங்கட வாப்பா நிண்ட கயிறு அது."

ஜெஸீமாவால் பொறுக்க முடியவில்லை. "வாப்பாட கயிறு உங்களுக்கு நித்திரை தருமா?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார். மாதிரியில் எல்லாம் சேர்த்திருந்தேன், அவர் எந்தக் கூட்டத்து ஆள் என்பதைச் சேர்க்கவில்லை.

நானா பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பினார். ஓட்டோவில் மூவரும் கடற்கரைக்குப் போனோம். இடக்கயிற்றைத் தாண்டி மறுபக்கம் வரைக்கும் நடந்தே போனார். அவருடைய ஆட்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வலக்கயிற்றுத் தலையாளிடம் அவரே சொன்னார். "ஒரு வருசம் கழிச்சு உங்கட பக்கம் வந்தா நிக்க விடுவியா?" தலையாள் கயிற்றை விடாமலே சிரித்தார். "இனிமே மீன் குறைஞ்சா ஆரை ஏசப் போறாய்?" இரண்டு கூட்டமும் ஓவென்று சிரித்தது. திங்கட்கிழமை நானா ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பங்குனியில் இருந்து புரட்டாதி வரை கடல் அமைதி, அப்போதுதான் கரைவலை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடித்தால் வலை வளைக்கமாட்டார்கள், முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்க முன் அனுமதி கேளுங்கள். விருந்தாளிகளையும் கயிறு பிடிக்க விடுவார்கள். எந்தப் பக்கமும் பிடிக்கலாம், ஆனால் வலக்கயிற்றில் நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் வெறுமையாக இருக்கும். அதில் போய் நிற்காதீர்கள். அது நஸீர் நானாவுக்கு விட்டுவைத்த இடம்.