வாசலுக்கு மேல் ஏறிய கல்

கல்லைத் தட்டிப் பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவார் என் அண்ணி. சுத்தியலால் ஒரு தட்டு. 'டங்' என்றால் நல்ல கல், சுவருக்குப் போகும். 'டொக்' என்றால் உள்ளே விரிசல், ஓரமாகக் கிடக்கும். இருபத்திரண்டு வருடமாகக் கல் கொத்தனார் வேலை. அவர் சொன்னதை யாரும் மறுத்ததில்லை. மறுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்குத் தெம்பு இருக்கிறது? நான் அவருடைய கொழுந்தன், அதே இடத்துக்கு லாரியில் கல் ஏற்றி வருகிறவன். எனக்கு வீட்டிலும் திட்டு, வேலையிலும் திட்டு.

பள்ளிக்கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். வாசல் நிலைக்கு மேல் குறுக்காக வைக்கும் நீளக்கல் வந்த அன்று அண்ணி வழக்கம்போல் தட்டினார். 'டொக்' என்றது.

"நல்ல கல்லு, தூக்குங்க" என்றார்.

அங்கே நின்ற ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணி சொன்னால் தப்பாக இருக்காது, நம் காதில்தான் கோளாறு என்று அவரவர் முடிவு செய்துகொண்டோம். கப்பியில் சங்கிலி மாட்டி, மூச்சு முட்ட இழுத்து, கல்லை மேலே ஏற்றி உட்கார வைத்தோம். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அன்று இரவு வீட்டில் அண்ணன், அண்ணியோடு சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தக் கல் நினைப்புதான். அந்த வாசல் வழியாகப் பிள்ளைகள் போய் வருமே! தயங்கித் தயங்கி வாயைத் திறந்தேன்.

"அண்ணி, அந்தக் கல்லு டொக்குன்னுதான் கேட்டுச்சு."

"ஹார்ன் அடிச்சு அடிச்சுக் கெட்டுப்போன காதுடா உன்னுது!"

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "கெட்டுப்போனது அவன் காதா, உன் காதா? மூணு மாசமா கூப்பிட்டா திரும்பறதே இல்ல. கோவமா இருக்கேன்னு நினைச்சு நான் பயந்துக்கிட்டு இருக்கேன்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை, அழுதார். கொஞ்ச நாளாகக் கையில் தெரியும் அதிர்வை வைத்தே ஒப்பேற்றி வந்திருக்கிறார். காது போனது வெளியே தெரிந்தால் வேலையும் போய்விடும் என்ற பயம்.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்குள் அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாரத்தில் ஏறி, கல்லின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்தார். வெயில் ஏற ஏறக் கல் காய்ந்தது. நடுவில் மயிரிழை போல ஒரு கோடு மட்டும் காயவில்லை. தண்ணீர் விரிசலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரி வந்ததும் அண்ணியே போய்ச் சொன்னார். "எனக்குக் காது சரியாக் கேக்கல மேஸ்திரி. மேல இருக்கறது விரிஞ்ச கல்லு, இறக்கிடுங்க. நான் கிளம்பறேன்." உளிப்பை தோளில் இருந்தது.

மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பினார். "தட்டினப்போ நீங்கல்லாம் எங்கடா இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

"கேட்டுச்சா?"

ஐந்து தலைகளும் மெதுவாக ஆடின. அதைப் பார்த்ததும் அண்ணிக்கு வந்ததே கோபம்! "எனக்குக் காதுதான்டா போச்சு. உங்க அஞ்சு பேருக்கும் வாய் எப்படா போச்சு?"

மேஸ்திரி அண்ணிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "பையைக் கீழ வைம்மா. தண்ணிய வெச்சு விரிசலைக் கண்டுபிடிச்சவள அனுப்பிட்டு, காதுல கேட்டும் வாயத் தொறக்காத இவனுங்கள வெச்சுக்கிட்டு நான் எதைக் கட்டறது?"

அண்ணி பையை இறக்கி வைத்தார். நாங்கள் சங்கிலியை எடுக்கப் போனோம்.