குளிசை தந்த சந்தேகம்

கண்டியில் கிளினிக்குக்குப் போனபோது, பக்கத்துக் கதிரையில் புசல்லாவையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நடுக்க வியாதிக்காரர், அசைவில்லாத முகம். கூட வந்த தன் மகள் கொடுத்த தேத்தண்ணியை மோந்து பார்த்துவிட்டு, "இவ இதில என்னமோ கலந்திருக்கா" என்று என் காதில் சொன்னார். ஒரு கணம் எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்தது.

இருவரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் மகள் என்னிடம் சொன்னாள்: "மூளையில டோபமின் குறைஞ்சுதான் அப்பாவுக்குக் கை நடுங்குச்சாம். நடுக்கத்துக்குக் குடுத்த குளிசை அதைக் கூட்டுதாம். அளவு மிஞ்சினா இப்படிச் சந்தேகம் வருமாம். குளிசையைக் குறைச்சா நடுக்கம் திரும்புமாம்."

"குறைக்கச் சொல்லிட்டேன். கை ஆடினா ஆடட்டும். பெத்த புள்ளைய நம்பாம எப்படிச் சோறு திங்கிறது?" என்றார் பெரியவர்.

பிறகு என்னை உற்றுப் பார்த்து, "இவரு யாரும்மா? நம்ம கதையையே கேட்டுக்கிட்டிருக்காரு" என்றார்.

அது குளிசையின் சந்தேகமா, அவருடையதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.