பேனரில் சிரித்த பிள்ளை

எங்கள் மண்ணூர்பேட்டையில் புதன்கிழமை என்றால் பிள்ளைகளுக்கு ஊசி நாள். மகளுக்கு ஒன்றரை வயது ஊசி போட வேண்டிய புதனன்று மனைவிக்கு கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற நான் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, பெரிய வீரன் மாதிரி மகளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

வாசலிலேயே வீரம் வடிந்துவிட்டது. உள்ளே ஒரே அலறல். மகள் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இவளை அமுக்கிப் பிடித்துக் குத்தவிட்டால் ஆயுசுக்கும் என்னிடம் வரமாட்டாள் என்று பயந்துவிட்டேன். அப்படியே திரும்பி, கேட்டுக்கு வெளியே ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

அன்றைக்கென்று பார்த்து, சுகாதாரத் துறையும் ஒரு தடுப்பூசி கம்பெனியும் சேர்ந்து விளம்பரத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போட்டோகிராபர் காலையிலிருந்து சிரிக்கிற குழந்தை ஒன்றுக்காகத் தவம் கிடந்திருக்கிறார். ஊசி போடுகிற இடத்தில் எந்தக் குழந்தை சிரிக்கும்? கிடைத்தது என் மகள்தான். சம்மதம் என்று ஒரு கையெழுத்து வாங்கினார். ஊசி போட்டாச்சா என்று கேட்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மனைவியிடம் "போட்டாச்சு" என்றேன். அட்டையில் ஏன் எழுதவில்லை என்றாள். சர்வர் டவுன், அதில் ஏற்றிய பிறகுதான் எழுதுவார்களாம் என்றேன். இந்த நாட்டில் அந்தப் பொய்யை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இரண்டு மாதத்தில் எங்கள் பஸ் ஸ்டாப்பில் பேனர் வந்தது. ஆளுயரத்துக்கு என் மகள். கீழே, "தடுப்பூசி போட்ட பிள்ளை, சிரிக்கும் பிள்ளை." மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. தயங்கிய தாய்மார்களை எல்லாம் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஊசி போட வைத்தாள். துறையும் கம்பெனியும் சேர்ந்து செய்ய முடியாததை என் பொய் செய்துகொண்டிருந்தது. அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று மனசாட்சிக்குச் சமாதானம் வேறு சொன்னேன். என்ன ஜென்மம் நான்!

ஒரு சனிக்கிழமை காலை நர்ஸ் கையில் லிஸ்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு கொயந்தைக்குத் தட்டம்மை வந்துகீது. ஊசி விட்டுப்போன பசங்க லிஸ்ட்டுல உன் பொண்ணு பேரும் கீதும்மா."

மனைவி சிரித்தாள். "இன்னா சிஸ்டர், பேனர்ல நிக்கிறதே எம்பொண்ணுதான்!" என்று சொல்லி, சாட்சிக்கு என்னைப் பார்த்தாள். என் மூஞ்சியைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"ஊரான் ஊட்டுப் புள்ளைங்கள எல்லாம் இஸ்துகினு போய் போட்டேனே. எம்புள்ளைக்குப் போடலியா?"

திட்டியிருந்தால் தேவலை. குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. நல்லவேளை, புள்ளி எதுவும் இல்லை.

புதன்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வாங்க என்றார் நர்ஸ். மூன்று பேரும் போனோம். "நீயே புடி" என்றாள் மனைவி.

மகளை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தேன். ஊசி இறங்கியதும் தெருவுக்கே கேட்கும்படி அலறினாள். அம்மாவிடம் தாவிவிடுவாள் என்று கையைத் தளர்த்தினேன். தாவவில்லை. குத்துவதற்குப் பிடித்துக் கொடுத்த என் கழுத்தையே கட்டிக்கொண்டு அழுதாள்.