சாயம் தோய்ந்த சொல்

சென்ற ஞாயிறு மாலை ஒரு மண்டபத்தையே சிலையாக நிற்க வைத்துவிட்டேன். பேச்சுத் திறமையால் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்...

நண்பர் வில்சன் போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். மகள் ஷெரினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கரடியனாறு என்ற வயற்கிராமத்துப் பையன், காதல். வில்சன் வீட்டு வழக்கப்படி ஒருவர் வாழ்த்துரை சொல்ல வேண்டும். அவர் முடிக்கும்வரை எல்லோரும் எழுந்து நின்று வைன் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் முதல் மிடறு, வயலின், ஆட்டம் எல்லாம்.

வில்சன் என் காதைக் கடித்தார்: "அண்ணன், மாப்பிள்ளைட அப்பா வந்ததில இருந்து ஒரு வார்த்த பேசல்ல. புள்ள அந்த வீட்டதான் போய் வாழப்போறா. எப்பிடியாவது மனுசன்ட மனச இளக்கிருங்க."

இப்படியொரு பொறுப்பை என்னிடம் கொடுப்பார்களா? கொடுத்தார்களே!

"போர்த்துக்கேயர் சிவப்பு வைனைத் 'தின்தோ' என்பார்கள்," என்று ஆரம்பித்தேன். "அதற்குச் சிவப்பு என்று பொருள் இல்லை. சாயம் தோய்ந்தது என்று பொருள். நாம் சுவருக்குப் பூசும் தீந்தைகூட அதன் உடன்பிறப்புத்தான்..."

வெளியே சூரியன் வாவிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் விளிம்பிலிருந்து மெல்ல மெல்லச் சிவந்தது. கிண்ணங்களிலும் அதே நிறம். ஒரு தோணி ஓசையில்லாமல் அந்தச் சாயத்துக்குள் போய்க் கரைந்தது. எனக்குக் கல்யாணம் மறந்துபோனது. நானே சாயத்தில் தோய்த்த நூலாகிவிட்டேன்...

கருந்திராட்சையின் சாற்றுக்கு நிறம் கிடையாது. தோலோடு சேர்ந்து ஊறித்தான் சிவக்கிறது. இரண்டு பேர் ஒரு வீட்டில் வாழ்வதும் அப்படித்தானே என்றேன். அழகான இடம். அங்கேயே முடித்திருக்கலாம். யார் முடித்தது? நான் இலத்தீனுக்குப் போனேன்.

முன்வரிசையில் கிண்ணங்கள் நடுங்கின. ஷெரின் வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டாள்.

கையில் சோடாவோடு மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார்.

"தம்பி, எங்கட வயல் வட்டை முழுக்கத் தண்ணி பாய்ச்சினாலும் இவ்வளவு நேரம் போகாது. என்ட மருமகளுக்குக் கை நோகுதுகா! மிச்சத்த மறுகா பேசுவம்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஷெரினின் கையைத் தானே பிடித்து இறக்கி, "குடிங்க மகள். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்றார். வயலின் தொடங்கியது.

வில்சன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "சின்னவள்ட கலியாணத்துக்கும் நீங்கதான் அண்ணன். இதவிட நீட்டணும்!"

அறுவையிலும் ஓர் ஆசீர்வாதம் இருக்கிறது போல!