தீபாவளிப் படமும் பெரிய முதலாளியும்

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஒரு தியேட்டருக்கு மேனேஜராக இருந்தேன். ஒரு படம் வெற்றியா தோல்வியா என்பதை நாங்கள் சென்னைப் பத்திரிகைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைகளில் போனஸ் கொடுத்து லீவு விட்ட பிறகு பெண்கள் வரிசை தெருமுனையைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பும். பசுவந்தனைப் பக்கத்து ஜனங்கள் டவுனுக்கு வர மாட்டார்கள். மழையில்லாத தீபாவளி எங்களுக்கு நல்லது, விவசாயம் பார்க்கும் சம்சாரிகளுக்குக் கெட்டது. இதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்த வருடம் மழை இல்லை. கேபிள் டிவி வந்து கூட்டம் குறைந்திருந்தது. பெரிய நடிகர் ஒருவரின் தீபாவளிப் படத்தைச் சின்ன முதலாளி மிகுந்த பாடுபட்டு எங்கள் தியேட்டரில் திரையிட வாங்கியிருந்தார். அது ஓடினால் தியேட்டர் நிற்கும், இல்லையென்றால் விற்க வேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தார். படப்பெட்டி தீபாவளிக்கு முந்தின நாளே ரயிலில் வந்து ஸ்டேஷனில் இருந்தது. காலையில் ரசிகர்கள் அதற்கு மாலை போட்டு, கொட்டு அடித்து, ஊர்வலமாகக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

தீபாவளியன்று விடிகாலையில் பெரிய முதலாளி இறந்துவிட்டார். சின்ன முதலாளியின் அப்பா. தியேட்டரைக் கட்டியவர் அவர்தான்.

நான் போனபோது வீடு தியேட்டருக்குப் பின்னால் அமைதியாக இருந்தது. தெரு முழுக்க வெடிச் சத்தம். சின்ன முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரியவரின் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர மதியமாகும், அதற்குப் பிறகுதான் எடுக்க முடியும். காலைக் காட்சிக்கும் மதியக் காட்சிக்கும் டிக்கெட் கேட்டு அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

ரசிகர் மன்றத் தலைவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். பெட்டியைத் தியேட்டர் வாசலில் இறக்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. கொட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, கொட்டுக்காரவுகள அனுப்பிரவா, இருக்கச் சொல்லவா?"

சின்ன முதலாளி தியேட்டர் பக்கம் பார்த்தார். கூட்டத்தில் ஒருவன், "ஒரு வருசமா காத்துக் கெடக்கோம். பெரியவரு நாளைக்குப் போயிருக்கக் கூடாதா?" என்றான்.

"ஏலே, வாயில போட்டேன்னா பாரு" என்றார் தலைவர்.

பெட்டியோடு வந்திருந்த விநியோகஸ்தரின் ஆள் மதுரைக்காரர். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டிய சும்மா வைக்க முடியாது. நீங்க போடலைன்னா பஜார்த் தியேட்டர்ல போடச் சொல்லுறாங்க."

சின்ன முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேனேஜர், வெளி ஸ்பீக்கர் போடாம, சத்தம் இல்லாம ஒரு ஷோ மட்டும் ஓட்டுனா என்ன?"

நான் வாய் திறக்கும் முன் உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார்கள். அழுது தொண்டை கட்டியிருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மகனை மட்டும் பார்த்துப் பேசினார்கள்.

"ஏலே, ஒரு நடிகரு செத்ததுக்கு இந்தத் தியேட்டர மூணு நாளு பூட்டிப் போட்ட. கட்டுனவிய செத்துக் கெடக்காவ. எத்தன ஷோ ஓட்டலாம்னு கணக்குப் பாக்குதியோ?"

நடிகர்கள் இறந்தால் எல்லாத் தியேட்டர்களும் பூட்டுவது வழக்கம். நானே அப்படிப் பலமுறை பூட்டியிருக்கிறேன், அதில் யோசிக்க எதுவுமே இருந்ததில்லை.

சின்ன முதலாளி சாவியை என்னிடம் கொடுத்தார். நான் கேட்டைப் பூட்டினேன். ரசிகர்கள் பெட்டியிலிருந்த மாலையைக் கழற்றினார்கள். மதுரைக்காரர் ஆட்டோ பிடித்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போனார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. தலைவரும் அவரோடு நாலைந்து பேரும் மட்டும் போகவில்லை. கொட்டுக்காரர்களையும் அவர் அனுப்பவில்லை.

சாயங்காலம் பெரியவரின் இறுதி ஊர்வலம் பஜார் வழியாகத்தான் போனது. பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அந்த நாலைந்து பேரும் உண்டு. பஜார்த் தியேட்டர்க்காரர்கள் நாங்கள் கடந்து போகும்வரை வெளி ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். வாசலில் வரிசையில் நின்றவர்கள் சட்டைப் பையில் டிக்கெட்டோடு கும்பிட்டார்கள்.

படம் அங்கே நூறு நாள் ஓடியது. சுற்றுவட்டாரத்தில் அந்த நடிகருக்கு அப்படி ஒரு படம் அதற்கு முன் அமைந்ததில்லை. நாங்கள் பழைய படங்களாகப் போட்டு ஒப்பேற்றினோம். பெண்கள் பகுதியில் பல நாட்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

இரண்டு வருடம் கழித்துத் தியேட்டர் கை மாறியது. பத்திரம் முடித்துவிட்டு நானும் சின்ன முதலாளியும் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் நின்று டீ குடித்தோம். அன்று தியேட்டரைப் பூட்டாமல் இருந்திருந்தால் விற்க வேண்டியிருக்காது என்று நான் சொன்னேன். அவர் மேல் குறையில்லை என்று ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"பூட்டுனதுல எனக்கு வருத்தமே கெடையாது, மேனேஜர்" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா வெளிய வந்து சொல்லுத வரைக்கும் நான் பூட்டாம நின்னேன் பாருங்க. அதான்."