நானே நம்பிய நோட்டீஸ்

நானே எழுதிய நோட்டீஸை நானே வாசித்து, நானே நம்பி, பெற்ற மகளை அதன்படி ஓரிடத்தில் சேர்க்கப் புறப்பட்டவன் நான். குடாநாட்டில் ஏமாந்தவர்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டு ஏஜென்சிக்காரனிடமும் காணித் தரகரிடமும் சாத்திரியாரிடமும் ஏமாந்தவர்களுக்குப் பேர் சொல்லித் திட்ட ஓர் ஆளாவது மிஞ்சுகிறது. எனக்கு அந்த வசதியும் இல்லை.

வங்கி வேலையிலிருந்து வயதுக்கு முன்பே ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த எனக்கு ஊரில் ‘எழுதக்கூடிய ஆள்’ என்று ஒரு பெயர். பத்திரிகைகளில் இடைக்கிடை நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். அதற்காக ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை. தேடி வருவது அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு. செத்தவரின் படத்தைப் போட்டு, வாழ்க்கை வரலாற்றையும் எழுதி, சாப்பிட வந்தவர்களின் கையில் கொடுத்தனுப்பும் நினைவு மலர் இருக்கிறதே, அதை எழுதுவதில் வலிகாமத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. மனைவியோடு கதைக்காமலே காலம் தள்ளியவரை ‘இல்லறத்தின் இலக்கணம்’ ஆக்கியிருக்கிறேன். எல்லை வேலிக்காக அயலவர் அத்தனை பேரையும் கோட்டுக்கு இழுத்தவரை ‘அயலாரை அரவணைத்த ஆலமரம்’ ஆக்கியிருக்கிறேன். பொய் என்று ஒருவரும் குறை சொன்னதில்லை. எழுதியவனுக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். செத்தவருக்குத்தான் தெரியாது.

அப்படியொரு மலரை அளவெட்டியில் ஓர் அந்தியேட்டி வீட்டில் பாயாசம் குடித்தபடி புரட்டிய ஒருவர் மறுநாளே என் வீட்டுக்கு வந்தார். நகரில் புதிதாகத் தனியார் கம்பஸ் ஒன்று தொடங்கியிருந்த பணிப்பாளர். என்னிலும் இளையவர். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

“அண்ணை, செத்த மனிசனையே எழுப்பி நடக்க விட்டிருக்கிறியள். எங்கடை கம்பஸ் உயிரோடை இருக்குது. அதுக்கொரு நோட்டீஸ் எழுதித் தாருங்கோ.”

ஏ.எல் என்னும் உயர்தரப் பரீட்சை முடிவு வந்த பிறகும் பல்கலைக்கழகத் தெரிவு வருவதற்கு மாதக் கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை போனைப் பார்த்தபடி இருக்கும்; தாயும் தகப்பனும் பிள்ளையைப் பார்த்தபடி இருப்பார்கள். தனியார் கம்பஸ்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

“உங்களிட்டை என்ன கிடக்கு?” என்று கேட்டேன்.

“வாடகைக் கட்டடம் ஒண்டு. கொஞ்சம் கொம்பியூட்டர். ஒரு நல்ல விரிவுரையாளர், மெய்யாவே நல்ல மனிசன். மற்றவை சனி ஞாயிறு கொழும்பிலையிருந்து வருவினம்.”

“வராட்டி?”

“சூமிலை வருவினம்.”

“பட்டத்துக்கு அங்கீகாரம்?”

“விண்ணப்பிச்சிருக்கு.”

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் எழுதினேன்: ‘அறிவுப் பசியோடு வரும் இளையோரைத் தாயென அணைக்கும் தனிப்பெரும் கலைக்கூடம். தலைநகரின் தலைசிறந்த விரிவுரையாளர் குழாம். அங்கீகாரம் பெற்ற பட்டம். படித்து முடிப்போருக்குப் பார்போற்றும் எதிர்காலம்.’ அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்றுதான் முதலில் எழுதினேன். வாய்விட்டு வாசித்தபோது அந்த வரி தடக்கியது. தடக்குவதை எடுத்துவிடுவது நினைவு மலரில் நான் கண்ட வழக்கம். எடுத்துவிட்டேன்.

அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதியை வீட்டில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து வாசித்தேன். கண் கலங்கிவிட்டது. இப்படியோர் இடம் பக்கத்தில் இருக்கும்போது என் பிள்ளை ஏன் எங்கோ போகவேண்டும் என்று தோன்றியது.

என் மகள் உயிரியல் பிரிவில் இரண்டாம் தரம் பரீட்சை எடுத்தவள். மருத்துவத்துக்குப் புள்ளி போதாது. விவசாய விஞ்ஞானம் கிடைக்கலாம். கிடைத்தால் மட்டக்களப்புப் பக்கம் போகவேண்டி வரும். அவளுக்கு அதில் விருப்பம். எனக்கும் மனைவிக்கும் அவளை அவ்வளவு தூரம் விட விருப்பமில்லை. இங்கே சேர்ந்தால் அந்த இடம் அவளுக்கு இல்லாமல் போகும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் நோட்டீஸ் நன்றாக இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அதை முழுக்க வாசித்துக் காட்டினேன்.

“யோசிப்பம் அப்பா,” என்றாள் மகள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை ‘யோசிப்பம்’ என்றால் அது மரியாதையான ‘மாட்டன்’. ஊருக்கெல்லாம் வாழ்க்கை வரலாறு எழுதுகிற எனக்கு அது அன்று விளங்கவில்லை.

நோட்டீஸோடு விட்டிருக்கலாம். பணிப்பாளர் விசாரணைப் போனையும் என் கையில் தந்துவிட்டார். “உங்கடை குரலிலை ஒரு நம்பிக்கை இருக்கண்ணை.” நானும் காலையில் மோட்டச்சைக்கிளில் போய் மாலை வரை அந்தப் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எங்கள் சனம் கம்பஸை விசாரிப்பது மாப்பிள்ளையை விசாரிப்பது போலத்தான். பாடத்திட்டத்தை ஒருவரும் கேட்பதில்லை. பணிப்பாளர் எந்த ஊர், ஆருடைய ஆக்கள், முன்பு என்ன செய்தவர், கட்டடம் ஆருடையது, முன்வீட்டுக்காரரோடு பிரச்சினை ஏதும் உண்டோ என்றெல்லாம் கேட்பார்கள். என்னிடம் கேட்டு முடித்ததும் எதிர்த் தேத்தண்ணிக் கடையிலும் கேட்பார்கள்.

ஒரு நாள் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு தாய் போன் எடுத்தார்.

“தம்பி, உங்கடை நோட்டீசை விடுங்கோ. உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ?”

“ஒரு மகள். இப்பதான் ஏ.எல் எடுத்தவ.”

“அவவை உங்கை விடுவியளோ?”

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எவருக்கும் வாய் வராது. எனக்கோ பொய் தேவைப்படவில்லை. “வாற மாதம் சேர்க்கிறன் அம்மா,” என்றேன்.

“அப்ப சரி,” என்று வைத்துவிட்டார்.

பக்கத்து மேசையிலிருந்த பணிப்பாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அண்ணை, இதைவிட என்ன விளம்பரம் வேணும்?” பாராட்டுகிறார் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

அந்த வார இறுதியில், விடிந்தும் விடியாமலும், படலை தட்டும் சத்தம் கேட்டது. மகள் பல்லுத் தீட்டியபடி போய்த் திறந்தாள். வெளியே என் மனைவியின் தமையன், அளவெட்டிக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், சிவந்த கண். மகளைக் கண்டதும் படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வாங்கோ மாமா. என்ன விடியவே?”

அவர் அவளின் காலைப் பார்த்தார். நிலத்தில் முட்டுகிறதா என்று பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

“பிள்ளை... நீயோ?”

“நான்தான். வேறை ஆர்?”

விறாந்தைக் கதிரையில் விழுந்தவர் என்னைக் கண்டதும் சொன்னார்: “மச்சான், எப்ப எடுக்கிறியள் எண்டு கேக்கத்தான் வந்தனான். இப்ப ஒரு தேத்தண்ணி தாங்கோ, போதும்.”

தேத்தண்ணி உள்ளே போன பிறகு விஷயம் வெளியே வந்தது. முதல்நாள் மாலை அவர் பஸ்ஸில் வரும்போது காங்கேசன்துறை வீதிச் சந்தியில் பெரிய பனர் ஒன்றைக் கண்டிருக்கிறார். நடுவில் என் மகளின் படம், சுற்றிவரப் பூ வளையம், மேலே கொட்டை எழுத்தில் ‘எழுத்தாளரின் அன்பு மகள்’. அதற்குள் பஸ் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் இளம்பிள்ளையின் படத்தைப் பூ வளையத்துக்குள் போட்டுச் சந்தியில் கட்டினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

“ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே அண்ணை?” என்றாள் மனைவி.

“செத்த வீட்டுக்குப் போன் எடுத்து, ‘செத்துப்போனாவோ’ எண்டு எப்பிடியடி கேக்கிறது? அதுக்குள்ளை பிள்ளையின்ரை தோளிலை ஒரு கை வேறை. ஆற்றை கையெண்டு தெரியேல்லை. இரவிரவா எனக்கு நித்திரையில்லை.”

எனக்குத் தெரிந்தது. ஒரு கலியாண வீட்டில் எடுத்த படம் அது. என் வாட்ஸப்பில் முகப்புப் படமாக இருந்தது. பணிப்பாளர் அதை எடுத்து என்னை வெட்டிவிட்டு மகளை மட்டும் வைத்திருக்கிறார். வெட்டியவரின் கத்தரி என் கைவரைக்கும் போகவில்லை. பூ வளையமோ, பனர் கடைக்காரர் கண்ணீர் அஞ்சலிகளுக்கென்று தயாராக வைத்திருப்பது.

மகள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். “அப்பா, வெளிக்கிடுங்கோ.”

கம்பஸில் பணிப்பாளர் சிரித்த முகத்தோடு எழும்பினார். “வாங்கோ பிள்ளை. பனர் பாத்தியளோ?”

“என்ரை படத்தைப் போட என்னட்டைக் கேட்டியளோ சேர்?”

“சேரப் போற பிள்ளைதானே எண்டு...”

“நான் சேருறன் எண்டு ஆர் சொன்னது?”

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன்.

“சரி, அதை விடுங்கோ. பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கோ?”

“விண்ணப்பிச்சிருக்கு பிள்ளை.”

“நோட்டீசிலை ‘பெற்ற’ எண்டெல்லோ கிடக்கு?”

“அது அப்பா எழுதினது.”

இப்போது இருவரும் என்னைப் பார்த்தார்கள். கலண்டரில் பார்க்க மிச்சமிருக்கவில்லை. “அந்த வரி தடக்கினது,” என்றேன்.

“தடக்கினதோ?” என்றாள் மகள். “இதை நம்பி ஒரு பிள்ளை அரசாங்கக் கம்பஸ் இடத்தை விட்டிட்டு வந்து நாலு வருசம் படிச்சு முடிச்சாப் பிறகு, ‘இது செல்லாது’ எண்டா, அதுவும் உங்களுக்குத் தடக்கினதுதானோ அப்பா?”

அந்த ‘ஒரு பிள்ளை’ யார் என்று நான் கேட்கவில்லை. என் முன்னால்தான் நின்றாள். பணிப்பாளர் தன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

பனரை அன்றே கழற்றுவதாக அவர் ஒப்புக்கொண்டார். மகள் விசாரணைப் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். “உங்கடை சொல்லை நம்பின ஆக்களுக்கு இப்ப எடுங்கோ.” முதலில் தொண்டைமானாற்றுத் தாய்க்கு எடுத்தேன்.

“அம்மா, முந்தி நான் சொன்னது பிழை. இந்தப் பட்டத்துக்கு இன்னும் அங்கீகாரம் வரேல்லை. என்ரை மகளும் இங்கை சேரேல்லை. நல்லா யோசிச்சுச் செய்யுங்கோ.”

 மறுமுனையில் குரல் தாழ்ந்து வந்தது.

“விளங்குது தம்பி. சீற் முடியப் போகுது போலை. நாளைக்கு வெள்ளண்ண வாறன், ஒண்டைப் பிடிச்சு வையுங்கோ.”

மாப்பிள்ளை வீட்டுக்காரர் தங்கள் பையனில் தாங்களே குறை சொன்னால், அவனுக்கு வேறெங்கோ பெரிய இடம் பொருந்திவிட்டது என்று அர்த்தம் எடுக்கிற சனம் நாங்கள். உண்மையை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொய் சொல்வதைவிடக் கூடிய நேரம் பிடித்தது. கடைசியில் மகளே போனை வாங்கிக் கதைத்தாள். அந்தத் தாய் தன் பிள்ளையைப் பட்டத்தில் சேர்க்காமல், அந்த நல்ல விரிவுரையாளரிடம் ஆறு மாதக் கணினி வகுப்பில் மட்டும் சேர்த்தார்.

நோட்டீஸைத் திருப்பி எழுதினேன். ‘எங்கள் பட்டத்துக்கான அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. முழுநேர விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் வார இறுதியில் வருவார்கள். சிலவேளை திரையில் வருவார்கள். வேலைக்கு எங்களால் உத்தரவாதம் தர இயலாது. வந்து பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, பிறகு முடிவெடுங்கள்.’ இதைப் போல வறண்ட நடையில் நான் வாழ்நாளில் ஒன்றும் எழுதியதில்லை. பணிப்பாளர் வாசித்துவிட்டு, “அண்ணை, இதை வாசிச்சா எனக்கே இங்கை வர விருப்பமில்லாமல் கிடக்கு,” என்றார். என்றாலும் அச்சடித்தார். அச்சடிக்காவிட்டால் பழையதைப் பொய்யென்று பேஸ்புக்கில் போடப்போவதாக மகள் அவரிடம் சொல்லியிருந்தாள்.

பிறகு தெரிவு வந்தது. மட்டக்களப்புப் பக்கம், விவசாய விஞ்ஞானம். மனைவி உள்ளே மிளகாய்த்தூள் போத்தலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருக்க, நானும் மகளும் விறாந்தையில் பெட்டிக்குக் கயிறு கட்டினோம். ஒரு தகப்பன் வாய் திறக்க வேண்டிய நேரம் இது என்று எனக்குப் பட்டது. அந்த நோட்டீஸில் உண்மையை மறைத்ததால் அவளின் நம்பிக்கையை இழந்தேன் என்றும், அதனால்தான் அவள் வேண்டாமென்றாள் என்றும், அதில் நான் நிறையப் படித்துக்கொண்டேன் என்றும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்; கடைசியில் குரல் கூடக் கொஞ்சம் தழுதழுத்தது.

மகள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“அங்கீகாரம் கிடைச்சிருந்தாலும் நான் சேர்ந்திருக்க மாட்டன் அப்பா. நீங்களெல்லோ அங்கை போன் தூக்கிறியள். ஒவ்வொரு நாளும் உங்கடை மோட்டச்சைக்கிளிலை பின்னாலை இருந்து போய், பின்னேரமும் உங்களோடையே திரும்பி வாறதுக்கோ நான் ஏ.எல் ரெண்டு தரம் எடுத்தனான்?”