ஆறாம் நம்பர் மலையில் கரண்டி பிடித்தது

முப்பது வருடம் மண் வெட்டியிருக்கிறேன். மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டினேன், குழி வெட்டினேன், ரோட்டில் சரிந்த மண்ணை வெட்டி அள்ளினேன். எனக்கு மண் வெட்டத் தெரியாது என்று ஆனது லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆறாம் நம்பர் மலையில்தான்.

அது கைவிட்ட மலை. மானாப்புல் ஆள் உயரம். அங்கே பழைய பானை ஓடு கிடைத்தது என்று கேள்விப்பட்டு, பல்கலைக்கழகப் பிள்ளைகள் பத்துப் பேர் அகழ்வு வேலை பழக வந்தார்கள். தேயிலைக்கு முந்தி அங்கே யார் இருந்தார்கள் என்று பார்க்கவேண்டுமாம். காலையில் ஆளுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா என்னையும் என் மச்சானையும் அவர்களோடு அனுப்பினார். மச்சான் என் மனைவியின் தம்பி. வாய்க்காரன்.

பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் யாழ்ப்பாணத்து சார். முதல் நாளே சொன்னார்.

"ரெண்டு கிழமை பழகுங்கோ. கை சரியா வாற ஆளை மூண்டு மாதமும் குழிக்குள்ள வச்சிருப்பன். மற்ற ஆள் மேல இருந்து மண் அரிக்கலாம்."

எனக்குக் குழிக்குள் இருக்க ஆசை. இத்தனை வருடம் வெட்டி மேலே போட்ட மண்ணை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பார்க்கிறதே வேலை என்றால் நல்லதுதானே.

கயிறு கட்டிச் சதுரம் போட்டார்கள். முழங்கால் போட்டு, மேசன் கரண்டியால் சுரண்டவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு விரல் ஆழம்.

"மச்சான், இந்த வேகத்துல போனா அடி மண்ண நம்ம பேரப்புள்ளதான் பாக்கும்" என்றான் மச்சான்.

மூன்றாம் நாள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் குழியைப் பார்த்தேன். நாலு பக்கமும் சுவர் மாதிரி நேராக நின்றது. கானை அப்படி வெட்டினால் ஒரு மழைக்கு நிற்காது. பக்கத்தைச் சரித்துத்தான் வெட்டவேண்டும். மண்வெட்டியை எடுத்தேன். நாலு பக்கமும் அழகாகச் சரித்து முடித்தேன். சார் வந்தால் சந்தோசப்படுவார் என்று நின்றேன்.

சார் வந்தார். குழியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"ஐயா, இது ஆர் செய்தது?"

"நான்தாங்க சார். மழ பேஞ்சா இடிஞ்சிரும்ல?"

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஏசாமல் சொன்னார். மண் அடுக்கடுக்காக நிற்குமாம். எது முந்தி, எது பிந்தி என்று நேர்ச்சுவரில்தான் தெரியுமாம். சரித்தால் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துபோகும். நான் கலக்கிவிட்டேன்.

அன்றைக்கே என்னை மேலே ஏற்றிச் சல்லடையைக் கொடுத்தார்கள். மச்சான் குழிக்குள். நான் அவன் சுரண்டிய மண்ணை அரித்தேன்.

"நல்லா அரிங்க மச்சான், கல்லு கில்லு கெடக்கப் போகுது."

சாயந்தரம் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியில் கரண்டியால் ஒரு குழி தோண்டினேன். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சுவர் நேரா என்று பார்த்தேன். மறுநாளும் ஒன்று. என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரப் பொதைக்கப் போறீங்க?"

"ஒந் தம்பிய."

ஒன்பதாம் நாள் குழிக்குள் ஒரு பிள்ளை கத்தியது. ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவர் மகள். வெளிர் மண்ணில் கறுப்பு வட்டங்கள். ஒரு வரிசையில் மூன்று, அடுத்த வரிசையில் மூன்று.

"தூண் நட்ட குழி, சார்! இங்க வீடு இருந்திருக்கு!"

எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நானும் இறங்கிப் பார்த்தேன். வரிசைக்கு வரிசை நாலு அடி. குழிக்குக் குழி இரண்டு அடி. எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன்னால் அந்த மலையில் தேயிலைக் கன்று நட்டது நாங்கள்தான். அந்த வருடம் மழை இல்லை. கன்றெல்லாம் பட்டுப்போய் மலையை விட்டுவிட்டார்கள்.

மச்சானுக்கும் தெரிந்துவிட்டது. காதில் சொன்னான். "சும்மா இருங்க. புள்ளைக சந்தோசமா இருக்குதுக. நீங்க வேற வாயத் தொறந்தா சல்லடையும் போயிரும்."

இருந்து பார்த்தேன். முடியவில்லை.

"சார், இது தேயிலக் குழிங்க."

அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "நானும் ஹட்டன்தானே அண்ணே, எனக்குத் தெரியாதா?"

"கடையில பொறந்த புள்ளைக்குத் தேயிலப் பாக்கெட்டுத்தாம்மா தெரியும்" என்றான் மச்சான்.

சார் என்னைப் பார்த்தார். "வாயால சொன்னாக் காணாது. ஒரு வட்டத்தைப் பாதியா வெட்டிக் காட்டுங்கோ. மற்றப் பாதி அசையக் கூடாது."

தன் கரண்டியையே தந்தார். முழங்கால் போட்டேன். பாதி வட்டம் மட்டும் சுரண்டினேன். சுற்றி எல்லாரும். இன்னும் அரை அடி இறங்கியதும் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. பொலித்தீன் பை. முழுசாக.

"இது என்னண்ணே?"

"கன்னு வளக்குற பையிம்மா. கிழிச்சிட்டுத்தான் நடணும். இல்லாட்டி வேர் எறங்காது."

"அப்ப இதைக் கிழிக்காமல் நட்டது ஆர்?" என்றார் சார்.

மச்சான் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "இந்தப் பக்கத்து வரிசையெல்லாம் இவரு நட்டதுங்க சார்."

"ஆமாங்க சார்" என்றேன். "அன்னைக்கு அவசரம்."

சார்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே பையை எடுத்து, பழைய பொருளுக்குப் போடுவது போல நம்பர் எழுதிக் கட்டி வைத்தது. சார் நூலில் கட்டிய தூக்குக்குண்டை நான் வெட்டிய பக்கம் பிடித்துப் பார்த்தார். சுவர் நேராக நின்றது.

"நாளைக்கு நீங்கள் குழிக்குள்ள இறங்குங்கோ. தேயிலைக் குழிகளுக்கு இடையில இருக்கிற மண் இன்னும் கலையேல்லை."

"அப்ப அரிக்கிறது யாருங்க சார்?" என்றான் மச்சான்.

"நீங்கள்தான்."

மறுநாள் பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னால், இரண்டு குழிக்கு நடுவில் கரண்டி 'கிரிக்' என்றது. சிவப்பு ஓடு. பானை விளிம்பு. கை இழுத்து எடுக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். சுற்றி மண்ணை மட்டும் தள்ளிவிட்டு, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தது. "இதுவும் நீங்க வச்சதாண்ணே?"

"இல்லம்மா. இது எனக்கு முந்துன ஆளு."